பதின்மூன்றாவது கண்ணி

இரும்பும் களைத்துப்போகும் என்பதை நம்பாத ஒரு மனிதரின் கீழ் நான் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சூளகிரியைத் தாண்டி, பெங்களூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த கல் குவாரி அது. நான் ஸ்டோர் பொறுப்பில் இருந்தேன். அவர் மேஸ்திரி. முதலாளியின் மனைவிக்குத் தம்பியாகப் பிறந்ததுதான் கல் வேலையில் அவருக்கு இருந்த ஒரே தகுதி. உளிக்கும் கடப்பாரைக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தது. அதற்கு மேல் தெரிந்துகொள்ள அவர் ஆசைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

வெட்டிய கல்லை லாரியில் ஏற்றுவதற்கு, மூன்று பெரிய மரங்களை உச்சியில் சேர்த்துக் கட்டிக் கப்பி தொங்கவிட்டிருந்தோம். கல்லைச் சுற்றிக் கட்ட விரல் தடிமனில் ஒரு சங்கிலி. சனிக்கிழமை தோறும் மாலையில் அதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, இருபது கண்ணிகளை நீட்டிப் போட்டு அளந்து எழுதிவைப்பேன். சங்கிலி வந்த புதிதில் இருபது கண்ணி முப்பது அங்குலம் இருந்தது. அந்தப் புரட்டாசியில் முப்பத்தொன்றரை.

சங்கிலி சும்மா நீளாது. கல்லின் கூரான விளிம்புக்கும் சங்கிலிக்கும் நடுவே சாக்கை மடித்து வைக்க வேண்டும். நான் கொடுத்த சாக்குகள் மேஸ்திரி வீட்டில் கேழ்வரகு கட்டப் போயின. சங்கிலி நீளமாக இருந்தால் முடிச்சுப் போட்டார்கள். கண்ணி சரியாகப் படியவில்லையென்றால் சம்மட்டியால் அடித்துப் படியவைத்தார்கள். இதையெல்லாம் செய்யச் சொன்னவரிடமே போய், சங்கிலி ஒன்றரை அங்குலம் நீண்டுவிட்டது, இனி இதில் பாரம் தூக்கக் கூடாது என்றேன். அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு.

“வளந்துச்சுன்னா நமக்கு நல்லதுதானே, ஸ்டோருகாரரே. இன்னும் பெரிய கல்லா கட்டலாம்.”

சுற்றி நின்றவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் நிஜமாகவே சொன்னார்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, மேலே சுண்ணாம்புத் தூளைத் தூவினேன். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடாகத் தெரியும். கொக்கியிலிருந்து பதின்மூன்றாவது கண்ணியில், காய்ச்சி ஒட்டிய இடத்தில், மயிரிழை போல ஒரு கோடு வந்தது. மேஸ்திரியை அழைத்துக் காட்டினேன். சுண்ணாம்பு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை சங்கிலி முழுக்கத் தார் பூசி வெயிலில் காயப்போட்டிருந்தது. துருப்பிடித்ததைச் சாமி முன்னால் வைப்பதா என்று என்னையே கேட்டார். ஒரு விரிசலுக்கு இதைவிட நல்ல மறைவிடத்தை யாரும் செய்து கொடுத்திருக்க முடியாது.

அந்தக் குவாரியில் ஒரு வழக்கம் இருந்தது. பூஜைக்கு மறுநாள் காலை தூக்கும் முதல் கல்லின் மேல், சங்கிலி கட்டும் ஆள் கற்பூரத் தட்டோடு ஏறி நிற்பான். லாரியின் உயரத்துக்கும் மேலே தூக்கி, கல்லோடு அவனை ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவார்கள். பிறகு அவனுக்கு வேட்டி, துண்டு, தேங்காய். கல் பெரிதாக இருந்தால் தொழிலும் பெருகும் என்று, மேஸ்திரி அந்த வருடம் இருப்பதிலேயே பெரிய கல்லைப் பொறுக்கி வைத்திருந்தார்.

சங்கிலி கட்டுபவன் என் வயதுக்காரன். வீட்டில் தெலுங்கு, லாரிக்காரர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். அவனைத் தனியே அழைத்து விரிசலைப் பற்றிச் சொல்லி, ஏற மாட்டேன் என்று சொல்லிவிடு என்றேன். போன வருடமும் ஏறினேன், ஒன்றும் ஆகவில்லையே என்றான். போன வருடம் சாகாததைச் சான்றாகக் காட்டும் ஆளிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

பூஜை அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கொட்டகையில் கருவிகள் சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையாகக் கிடந்தன. மறுநாள் காலை வரை எதையும் தொடக் கூடாது. நான் அந்த வரிசையிலிருந்து இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்தேன். கொக்கியிலிருந்து எண்ணி, பதின்மூன்றாவது கண்ணியை விரிசலுக்கு எதிர்ப்பக்கத்தில் அறுத்தேன். கெட்ட சங்கிலியை ஓரமாகப் போட்டுவைத்தால், அவசரத்துக்கு யாராவது திரும்ப எடுத்துக் கட்டுவார்கள். அறுத்துப்போடுவதுதான் முறை.

திரும்பி வந்த மேஸ்திரி அறுந்த சங்கிலியைப் பார்த்தார். பேச்சில் மரியாதை போயிருந்தது.

“சாமிக்கு வெச்சத அறுத்துட்டயா? மாமா வரட்டும். நாளைக்கு நீ இங்க இருக்க மாட்டே.”

அவரைவிடச் சங்கிலி கட்டுபவனுக்குத்தான் அதிகக் கோபம். வருடத்தில் ஒரு நாள் கிடைக்கிற மரியாதையையும் கெடுத்துவிட்டேனாம். அறுத்த கண்ணியைக் கல்லின் மேல் வைத்து, சம்மட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். என் மேல் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து அதில் ஓர் அடி போட்டான்.

நல்ல இரும்பாக இருந்தால் வளைந்து விரிந்திருக்கும். இது வளையவே இல்லை. விரிசல் இருந்த இடத்தில் பட்டென்று இரண்டாகப் போனது. உடைந்த முகம் முழுவதும் கறுத்த பழைய துரு. ஓரத்தில் மட்டும், நகத்தின் பிறை அளவுக்குப் புது இரும்பு பளபளத்தது. கல்லையும் அவனையும் தாங்க மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

நான் அறுத்ததால்தான் உடைந்தது என்றார் மேஸ்திரி.

சங்கிலி கட்டுபவன் உடைந்த இரும்புத் துண்டை எடுத்துத் துருவின் மேல் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். அதை மேஸ்திரியின் காலடியில் வைத்தான்.

“துரு ஒரு நாள்ல வராதுங்க. எனக்கு வேட்டிய மட்டும் குடுத்துடுங்க. புதுச் சங்கிலி வந்ததும் கல்லு மேல நீங்களே ஏறி நில்லுங்க.”

இந்த முறை சிரித்தவர்கள் காரணம் தெரிந்தே சிரித்தார்கள். என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒன்பது நாள் கழித்துப் புதுச் சங்கிலி வந்தது. அன்று தூக்கிய முதல் கல் ஆளில்லாமல்தான் மேலே போனது. மேஸ்திரி குவாரிப் பக்கம் வரவில்லை. கிருஷ்ணகிரியில் அவசர வேலை என்று சொல்லி அனுப்பியிருந்தார்.