கினிப் பன்றிகளின் கண் பார்த்த இந்திராணி அக்கா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை வாய்க்காலில் அடைத்துக் கிடந்த ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தேன். கழற்றி வைத்திருந்த சட்டைக்குள் போன் அடித்தது. இந்திராணி அக்காவின் எண். முந்தின நாள்தான் திருவிடைமருதூர்க்காரர் ஒருவர் தன் கினிப் பன்றியின் கண் சிவந்திருப்பதாக, கினிப் பன்றி வளர்க்கும் நம் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டிருந்தார். அதைப் பற்றித்தான் பேசப் போகிறார் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

பேசியது அவருடைய அண்ணன். "தங்கச்சி போயிடுச்சு சார். வேலைக்குக் கிளம்பறப்ப நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." பிறகு, "இதுங்களுக்கு என்ன குடுக்கணும்னு இங்க யாருக்கும் தெரியல. காலையிலேருந்து கத்திக்கிட்டே கெடக்குதுங்க" என்றார். பின்னால் அக்காவின் கினிப் பன்றிகள் கீச்சிடுவது எனக்கும் கேட்டது. கொத்தமல்லித் தழையும் கொய்யாத் துண்டும் கொடுக்கச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், நடந்தது என்ன என்று எனக்கு உறைத்தது.

அவரைத் தெரிந்த நாம் நாற்பது பேர் இருப்போம். பாதிப் பேர் அவரை நேரில் பார்த்ததே இல்லை. கும்பகோணத்தில் ஒரு கண் மருத்துவமனையில் இருபது வருடத்துக்கு மேல் உதவியாளராக இருந்தவர், வீட்டில் கினிப் பன்றி வளர்த்தவர், நாம் அனுப்பும் மங்கலான படங்களைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிடுகிறவர் என்ற அளவில்தான் பலருக்கும் அவரைத் தெரியும். நான் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தவன். அதனால் எழுதுகிறேன்.

என் அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்காக அந்த மருத்துவமனைக்குப் போனபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு, கண்ணை மூடி உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். மேசை மேல் இருந்த அவர் போனின் முகப்பில் ஒரு கினிப் பன்றி. என் மகள் திருச்சியில் கல்லூரி விடுதிக்குப் போனபோது பொரி, கடலை என்ற இரண்டை என்னிடம் விட்டுப் போயிருந்தாள். அன்று காலை பொரியின் கண்ணில் பால் போல ஏதோ வடிந்ததைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பாக இருந்தேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. கேட்டுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு கண்ணுலயும் வந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வந்ததும் முன்னங்கால நனைச்சு மொகத்தைத் தேய்ச்சுதா?" அதுவும் ஆமாம். "அப்ப அது மொகம் கழுவுது சார். கொஞ்ச நேரத்துல காணாமப் போயிடும். ஆனா ஒரு கண்ணுல மட்டும் வந்தாலோ, காய்ஞ்சு எமையோட ஒட்டிக்கிட்டாலோ, எனக்குப் போன் பண்ணுங்க." எண்ணைத் தானே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். இத்தனை சின்னப் பிராணிக்காக ஒரு மனிதன் கவலைப்படலாம் என்று எனக்கு அனுமதி கொடுத்த முதல் ஆள் அவர்தான். ஊரில் எல்லோரும், "பெருச்சாளிக்கு வைத்தியமா?" என்று கேட்டவர்கள்தான்.

அந்தச் சீட்டு தேவைப்பட்டது தை மாதத்தில். சம்பா அறுவடை முடிந்து, களத்தில் புது வைக்கோல் கிடந்தது. நல்ல மணமாக இருக்கிறதே என்று இரு கை கொள்ளுமளவு அள்ளி வந்து கூண்டில் பரப்பினேன். இரண்டாம் நாள் காலை பொரி இடது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மாலையில் மகள் வீடியோவில் கூப்பிட்டபோதும் கண் திறக்கவில்லை. வலது பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி பொரியைப் பிடித்துக்கொண்டு பேசினேன். "ஏம்ப்பா அதைத் திருப்பவே மாட்டேங்கிறீங்க?" என்றாள். "கடிக்குதும்மா" என்றேன். கினிப் பன்றி கடித்து அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை கண்ணின் நடுவில் நீலம் கலந்த மங்கல் தெரிந்தது. அம்மாவுக்குக் கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சம் இருந்தது. கண் மருந்துதானே, மனிதருக்கே போடுவதுதானே என்று மூடியைத் திருகிவிட்டேன். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்ன மருந்து? பேரைப் படிங்க." படித்தேன்.

"போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்லக்கா."

"கீழ வைங்க. மொதல்ல அதைக் கீழ வைங்க!" என்று கத்தினார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "அதுல ஸ்டீராய்டு இருக்கு. கண்ணுல காயம் இருந்து, அது மேல இதை விட்டா, புண்ணு உள்ள எறங்கிடும். காயம் இருக்கான்னு சாயம் போட்டுப் பாக்காம யாரும் அதை விடக் கூடாது. தீனி தின்னுதா?"

"நேத்துலேருந்து கொறைவுதான்."

"அப்ப நாளைக்குன்னு தள்ளாதீங்க. இதுங்க ஒரு நாள் தின்னாம இருந்தாலே வயிறு நின்னுபோயிடும். கண்ணுல ஆரம்பிச்சு உயிர்ல போய் முடியும்."

அக்கா அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, கும்பகோணம் பேருந்து நிலையத்தில் எனக்காகக் காத்திருந்தார். அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினோம். பாபநாசம் தாண்டும் வரை அவர் கண் பெட்டி மேலேயே இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். பயந்தது நான் மட்டும் இல்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். அவரே பயப்படுகிறாரே என்பதில் அதைவிடப் பெரிய கலக்கம்.

தஞ்சாவூரில் நாங்கள் பார்த்த கால்நடை டாக்டர் இளைஞர். நாயும் பூனையும்தான் அதிகம் வரும், இதன் கண்ணை அவ்வளவாகப் பார்த்ததில்லை என்று மறைக்காமல் சொன்னார். "பரவால்ல டாக்டர், நீங்க பாருங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்றார் அக்கா. ஒரு துண்டால் பொரியைச் சுற்றி, நெஞ்சை அழுத்தாமல், தலை மட்டும் வெளியே தெரியப் பிடித்தார். இமையை இழுக்கவில்லை. ஈரம் தொட்ட சாயத்தாளை டாக்டர் கண்ணோரத்தில் ஒற்றி எடுத்து, நீல விளக்கைக் காட்டினார். கருவிழியில் காயம் பட்ட இடம் மெல்லிய பச்சைக் கோடாக ஒளிர்ந்தது. கீழிமைக்குள் ஒட்டியிருந்த நெல்லின் முள்ளான சுணை ஒன்றை எடுத்துக் காட்டினார். என் வயல் நெல். என் கையால் பரப்பிய வைக்கோல்.

திரும்பி வரும்போதுதான் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அவர் அம்மா வலங்கைமான் பக்கத்தில் கூலிக்குக் கதிர் அடிக்கப் போனவர். ஒரு அறுப்பில் கண்ணில் சுணை பட்டிருக்கிறது. கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை ஒரு வாரம் விட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பிறகு கருவிழி வெளுத்து, அந்தக் கண் போயேவிட்டது. "அதுலயும் ஸ்டீராய்டுதான் இருந்திருக்கு. நான் இந்தப் படிப்புப் படிச்சப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அம்மாகிட்ட சொல்லல. சொல்லி என்ன ஆவப்போவுது?" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க பொண்ணுகிட்ட சொல்லிடுங்க சார். அந்தப் பொண்ணு பெத்த பிள்ளை மாதிரி வளத்தது" என்றார். அன்று மாலையே சொன்னேன். மகள் அழுதாள், என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அதுவும் நடக்க வேண்டியதுதான்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து தினம் நான்கு வேளை. ஒவ்வொரு வேளைக்கும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. ஒரு கண்ணை மட்டும் எடுத்து அனுப்பினால் திட்டு விழும். "இன்னொரு கண்ணு எங்க? ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் எது கெட்டதுன்னு தெரியும்" என்பார். மூன்றாம் நாள் கண் முழுதாகத் திறந்தது. இரண்டாம் வாரம் மறுபடி சாயம் போட்டுப் பார்த்தபோது பச்சை இல்லை. கருவிழியில் நகக்கீறல் போல ஒரு வெண்தழும்பு மட்டும் இன்றும் இருக்கிறது. வைக்கோலை விட்டுவிட்டு, பழைய பருத்தித் துணிக்கு மாறிவிட்டேன்.

எல்லாம் சரியாகப் பார்த்தவர் அவர் என்று எழுதிவிட்டால் அவருக்கே பிடிக்காது. அவர் வளர்த்தவை சுக்கு, மிளகு, திப்பிலி என்று மூன்று. போன வருடம் மிளகின் கண் ஒன்று சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. வயசாகி, இமைக்கடியில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று எண்ணிவிட்டார். மிளகு செத்த அன்று அவர் குழுவில் போட்ட செய்தி நம் எல்லோர் போனிலும் இன்னும் இருக்கும்: "மிளகு போயிடுச்சு. தப்பு என்னுது. கண்ணு பிதுங்கினதைப் பத்து நாளா பாத்துக்கிட்டே இருந்தேன். மேல்பல்லு வேர்ல சீழ் கட்டி, அது பின்னாலேருந்து கண்ணைத் தள்ளியிருக்கு. கண்ணு பெருசாத் தெரிஞ்சா பல்லையும் பாக்கச் சொல்லுங்க. மெல்லறதுக்குச் சிரமப்படுதா, வாய் ஓரம் ஈரமா இருக்கான்னு பாருங்க. நான் பாக்கல." அதன் பிறகு மூன்று நாள் நம் குழுவில் ஒருவரும் படம் போடவில்லை. நாமெல்லாம் நம்பியிருந்தவருக்கே தவறிப்போகுமென்றால், நமக்கு என்ன தெரியும் என்ற பயம் எனக்கு. உங்களுக்கும் இருந்திருக்கும்.

அந்தச் சாவுக்குப் பிறகு அவரிடம் ஒரு படபடப்பு கூடிவிட்டது. ஒரு படத்துக்கு இரண்டு முறை கூப்பிடுவார். "தொந்தரவா நெனக்காதீங்க, மறுபடி ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்பார். சிலர் சலித்துக்கொண்டோம். நானும் ஒருநாள் நடவு ஆட்கள் வயலில் நிற்கும்போது எடுக்காமல் விட்டேன். அதை இப்போது மாற்ற முடியாது.

இறுதிச் சடங்கு முடிந்ததும் அவர் அண்ணன் சுக்கையும் திப்பிலியையும் என்னிடம் கொடுத்துவிட்டார். நான்கு நாளாக என் வீட்டில் இருக்கின்றன. பொரியும் கடலையும் அவற்றைக் கண்டு பல்லை நறநறவென்று கடிக்கின்றன. என் மனைவி கேட்டாள்: "இனிமே ஏதாவதுன்னா யாருக்குப் போன் பண்ணுவீங்க?" இன்று காலை திப்பிலியின் வலது கண்ணோரம் ஈரமாக இருக்கிறது. இடது கண் காய்ந்து தெளிவாக இருக்கிறது. தழை தின்றது. கொய்யாவைத் தொடவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது தைரியம் அல்ல; பயம்தான். ஆனால் அது மூடியைத் திருகிய மருந்தைக் கீழே வைக்கவைக்கிற பயம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறவைக்கிற பயம். தப்பு என்னுடையது என்று நாற்பது பேர் முன்னால் சொல்லவைக்கிற பயம். "பயப்படாதீங்க" என்று அவர் நம்மில் யாரிடமும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இதை எழுதி முடித்துவிட்டுத் தஞ்சாவூர் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதுவதற்காகத் திப்பிலியைக் காக்கவைத்தது தப்பு. பத்து மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்புகிறேன்.