இடி சிரித்த நாட்கள்

துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை வைக்க என்னென்ன வேண்டும் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். சன்னலுக்குக் கம்பி, வாசலுக்கு இரும்புக் கதவு, தரையோடு சேர்த்து முடுக்கிய பீரோ, அதற்கு இரண்டு பூட்டு. வேலை தெரியும் என்று பழைய முதலாளி எழுதித் தர வேண்டும். வழக்கு எதுவும் இல்லை என்று காவல் நிலையம் எழுதித் தர வேண்டும். கடைசியாக, ஆள் அமைதியான சுபாவம் உள்ளவர் என்று அக்கம்பக்கத்தார் சொல்ல வேண்டும்.

கடைசியானது தவிர எல்லாம் இடியிடம் இருந்தது.

இடி என்பது தெரு வைத்த பெயர். காரணம் அவருடைய குரல். அவர் தம் வீட்டில் உப்பு கேட்டால் எதிர்வீட்டில் எடுத்து வைப்பார்கள். அவரை நல்ல மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லுக்கு உரியவர் யாரையும் இதுவரை சந்தித்ததில்லை. பெரிதாகத் தேடவும் இல்லை. ஆனால் ஸ்பிரிங்குகளிடமும் திருகாணிகளிடமும் அவர் நியாயமாக நடந்துகொண்டார். மனிதர்களிடம் அப்படி நடப்பவர்களே குறைவு என்பதால், இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஊரில் இருந்த ஒரே துப்பாக்கிக் கடையில் அவர் மீசை முளைத்த காலத்திலிருந்து வேலை பார்த்தார். முதலாளி படுக்கையில் விழுந்ததும் மகன் வந்து கல்லாவில் உட்கார்ந்தான். அவன் ஒருநாள், கட்டையில் விரிசல் விட்ட துப்பாக்கியில் மெழுகைப் பூசி, மெருகேற்றி, ஒருவரிடம் விற்கப் பார்த்தான். இடி உள்ளேயிருந்து எழுந்து வந்தார்.

"ஐயா, இதைத் தோள்ல வெச்சு சுட்டீங்கன்னா, கட்டை ஒரு பக்கம் போகும், தோள் ஒரு பக்கம் போகும். ரெண்டையும் தனித்தனியாத்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்."

வாங்க வந்தவர் வாங்காமல் போனார். மகன், "வேலைக்காரன் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கணும்" என்றான். இடி தம் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு, "இனி உன் மூஞ்சில முழிச்சா நான் மனுசனே இல்லடா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். படுக்கையில் கிடந்த முதலாளியிடம் போய்ச் சான்றையும் வாங்கிக்கொண்டார். ஆக, உரிமம் கிடைத்தால் சொந்தக் கடை. கிடைக்காவிட்டால், தெரிந்த ஒரே தொழிலுக்காக அந்த மகனின் மூஞ்சியில் போய் முழிக்க வேண்டும்.

அவர் மனைவியின் அண்ணன் ஒரு வக்கீலுக்குக் கார் ஓட்டுகிறவர். பின் இருக்கையில் பேசப்படும் சட்டத்தில் பாதி அவர் காதில் விழும். விழாத பாதியைச் சொந்தமாகச் சேர்த்துக்கொள்வார்.

"மாப்ள, கதவுக்குப் பூட்டு வாங்கிட்டீங்க, பீரோவுக்கு வாங்கிட்டீங்க. உங்க வாய்க்கு எங்க வாங்கறது?"

"என் வாய்க்கு என்ன மச்சான்?" சன்னல் கம்பி அதிர்ந்தது.

"இதான். விசாரணைக்கு ஆள் வரும், நாலு வீட்ல கேப்பாங்க. அதுவரைக்கும் யார் என்ன செஞ்சாலும் சிரிங்க. மேல வந்து விழுந்தாலும் சிரிங்க."

"சிரிச்சா குடுத்துருவாங்களா?"

"சிரிக்கிறவன் சுடமாட்டான்னு நெனப்பாங்க."

மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த மனைவி, செருப்பைக் கழற்றியபடியே கேட்டார்: "அண்ணா, இவர் சிரிச்சு நீ பாத்திருக்கியா?"

"ஏன், கல்யாண ஃபோட்டோல சிரிச்சிருக்காரே?"

"அது வெயில்ல கண்ணு கூசினது."

இருந்தாலும் இடி சிரிக்கத் தொடங்கினார். வீட்டு முன்னறையையே கடையாக்கியிருந்தார். கடை முழுதாகத் தயாரான பிறகுதான் விண்ணப்பிக்கலாம். உரிமம் வரும்வரை துப்பாக்கியின் ஒரு திருகாணிகூட உள்ளே இருக்கக்கூடாது. இதுதான் விதி. இரும்புக் கதவும் பீரோவும் வெறும் காற்றைக் காவல் காத்தன. அந்தக் காற்றின் நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்து இடி பல்லைக் காட்டினார்.

பிள்ளைகளின் பந்து ஒன்று இரும்புக் கதவில் வந்து மோதியது. முன்பெல்லாம் பந்து திரும்பாது, வசவு மட்டும் வரும். இந்த முறை அவர் பந்தை எடுத்து, துணியால் துடைத்து, "நல்லா விளையாடுங்க செல்லங்களா" என்று நீட்டினார். பந்தை வாங்க யாரும் கிட்டே வரவில்லை. மறுநாள் முதல் ஆட்டம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

பக்கத்துக் கடை கண்ணாடிக்காரருடையது. அவருடைய தள்ளுவண்டி இடியின் வாசலில் பாதியை மறைத்து நிற்பது பழைய வழக்கு. வாரம் ஒரு சண்டை அதற்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். கண்ணாடிக்காரர் ஒருநாள் மாடியேறி என்னிடம் வந்தார். நான் இடிக்கு மேலே குடியிருப்பவன்.

"சார், கீழ இருக்கறவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன் கேக்கறீங்க?"

"வண்டியை வாசல்ல நிறுத்தினேன். 'இருக்கட்டும்ங்க, உங்க வசதி'ங்கறாரு. சொல்லிட்டு சிரிக்கறாரு சார்! துப்பாக்கிக்கு எழுதிப் போட்டிருக்கற ஆளு, திடீர்னு என்னைப் பாத்து ஏன் சிரிக்கணும்?"

கேள்வியில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. கண்ணாடிக்காரர் அன்று முதல் தம் கடையின் பின்கதவு வழியாகப் போய்வந்தார். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. அதை எடுக்க அந்த வாசலுக்குப் போக வேண்டுமே.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். மனைவி ஒருநாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டார். இடி முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, "ரொம்ப நல்லாயிருந்துச்சு" என்றார். அந்த அம்மாள் அடுப்படியில் போய், தானே ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, கவலையோடு நின்றார்.

விசாரணைக்கு வந்தவர் ஒரு பெண் அதிகாரி. கடுமையான ஜலதோஷம், கைக்குட்டையும் கோப்புமாக வந்தார். முதலில் தெருவில் கேட்டார். தெரு ஒரே குரலில் பேசுவது அபூர்வம், அன்று பேசியது. முன்னெல்லாம் கத்துவாரு மேடம், ஒண்ணும் பண்ணமாட்டாரு. இப்பதான் பயமா இருக்கு.

பிறகு கடைக்குள் வந்தார். சாட்சிக் கையெழுத்துக்காக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மச்சான் பீரோவை ஒட்டி நின்றார். இடியின் மனைவி சன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"தெருவுல விசாரிச்சேன்" என்றார் அதிகாரி.

"ரொம்ப சந்தோசம்ங்க மேடம்." இடி சிரித்தார். அதிகாரி நாற்காலியைச் சற்றே பின்னால் இழுத்துக்கொண்டார்.

"முன்னாடி நிறைய கத்துவீங்களாமே. இப்ப கத்தறதில்லையாம்."

"ஆமாங்க மேடம். மாறிட்டேன்."

"ஏன் மாறினீங்க?"

இடி மச்சானைப் பார்த்தார். மச்சான் பீரோவைப் பார்த்தார்.

"யார் மேலயாவது மனசுல ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"யார் மேலயும் இல்லைங்க மேடம். எல்லாரும் நல்லவங்க. அவங்கவங்க நல்லா இருக்கட்டும்."

சாகப் போகிறவனோ சாகடிக்கப் போகிறவனோதான் அப்படிப் பேசுவான்.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உள்ளதைச் சொல்றேன். கத்தற ஆளைப் பத்தி நான் கவலைப்பட்டதில்ல. கத்திக்கிட்டிருந்தவன் திடீர்னு அடங்கிப் போனா, என் கை எழுதாது. இதை 'நிராகரிக்கலாம்'னுதான் அனுப்பணும்."

"மாப்ள, இன்னும் கொஞ்சம் சிரிங்க" என்று மச்சான் கிசுகிசுத்தார். இடி சிரித்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

அப்போது அவர் மனைவி கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார். இரண்டாவது பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டும். அதற்கென்றே ஒரு பழைய கரண்டி டப்பாவின் மேலேயே கிடந்தது. அவர் அந்தக் கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தார். நேராக மேசைக்குப் போனார். அங்கே ஒரு மரக்கட்டையில் துளைபோட்டு இடியின் திருப்புளிகள் வரிசையாகச் செருகியிருக்கும். துப்பாக்கித் திருகாணியின் பிளவு மிகக் குறுகலானது. ஒவ்வொரு பிளவுக்கும் பொருந்த ஒவ்வொரு முனையையும் இடி தம் கையாலேயே தேய்த்து வைத்திருந்தார். பழைய முதலாளிகூட அவற்றைத் தொட்டதில்லை. அந்த அம்மாள் இருப்பதிலேயே மெல்லியதை உருவி வந்து, டப்பா மூடியின் விளிம்பில் செருகி, கணவனின் முகத்தைப் பார்த்தபடியே அழுத்தினார்.

இடியின் சிரிப்பு, விருந்து முடிந்தது தெரியாத விருந்தாளியைப் போல, ஒரு கணம் முகத்திலேயே நின்றது.

"அடியேய்! அது என்ன கடப்பாரையாடி? உக்காந்து உக்காந்து தேச்ச முனைடி அது! முடியளவு வளைஞ்சா திருகாணி தலையே போயிரும்! கரண்டி அங்கேயே கிடக்கு, கண்ணை மருந்துக்கடையிலயே வெச்சுட்டு வந்துட்டியா?"

"டப்பா தொறக்கல, அதான்."

"தொறக்கலைன்னா என் மண்டையைத் தொறந்திருக்கலாமே!"

"அதுல பெயின்ட் இருக்குமான்னு தெரியலையே."

அதிகாரியின் கோப்பு மேசையில் துள்ளியது. எதிர்வீட்டுச் சன்னல்கள் திறந்தன. கண்ணாடிக்காரர் பல நாளுக்குப் பிறகு முன்வாசல் வழியாகவே ஓடிவந்தார். "அண்ணே, கண்ணாடி அறுத்துக்கிட்டு இருக்கேன், மெதுவா!"

"மெதுவாவா? மொதல்ல உன் வண்டியை எடுய்யா! கப்பல் மாதிரி நிக்குது என் வாசல்ல!"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"எங்க சொல்ல விட்டான் இவன்?" என்று இடி மச்சானைக் காட்டினார். மச்சான் பீரோவுக்குள் போகமுடியுமா என்று பார்ப்பதுபோல் நின்றார். கண்ணாடிக்காரரின் முகத்தில் அப்படியொரு தெளிச்சி.

அதிகாரி மட்டும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. இடியின் கைகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவரின் கைகள், மனைவியிடமிருந்து திருப்புளியை மெதுவாக வாங்கின. துணியை எடுத்து முனையைத் துடைத்தன. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தன. பிறகு அதன் துளையில், கைக்குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் இறக்கின. குரலுக்கும் கைகளுக்கும் அறிமுகமே இல்லாததுபோல் இருந்தது.

அதிகாரி பேனாவைத் திறந்தார். கண்ணாடிக்காரரிடம் கேட்டார்: "உங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது?"

"இப்ப இல்ல மேடம். இப்பதான் நிம்மதி."

'சத்தம் போடுவார். கை நிதானம்.' இதற்குக் கீழேதான் நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு மனிதனைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் எழுதியிருப்பதை நான் புத்தகங்களில் அதிகம் கண்டதில்லை. அதிகாரியிடம் அதைச் சொல்லவில்லை, அவர் தும்மிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போன பிறகு, மாடிப்படியில் அந்த அம்மாளிடம், "முனை வளைஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"வளையாத அளவுக்குத்தான் அழுத்தினேன்" என்றார். "டப்பாவைக் கரண்டியாலதான் தொறந்தேன்."

உரிமம் வந்தது. பார்வையில் படும்படி மாட்ட வேண்டும் என்பது விதி. இடி தம் திருப்புளியாலேயே மாட்டினார். முதலில் வந்தவர் காட்டோரம் சொந்தத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தோட்டக்காரர். அவர் கொண்டுவந்த இரட்டைக்குழல் துப்பாக்கிக்குச் சமையல் எண்ணெயைப் போட்டிருந்தார். அது உள்ளே பிசினாக இறுகி, விசை நகரவில்லை.

"இது துப்பாக்கியா, தாளிக்கிற கரண்டியா?" என்று தொடங்கிய இடி அரைமணி நேரம் நிறுத்தவில்லை. தோட்டக்காரர் மிரண்டுபோய்ப் பக்கத்துக் கடையைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்காரு" என்றார் கண்ணாடிக்காரர். பிறகு, யாரும் சொல்லாமலே, வண்டியை நகர்த்தினார். ஒரு சாண்.