அறைக்குள் பத்துப் பேர்

மார்வ் லிப்கின் அமெரிக்காவின் வட எல்லையில் இருக்கிற எங்கள் டுலூத் ஊரில் நாற்பது வருஷம் மெத்தை விற்றவன். கடைக்கு வருகிறவர்களைப் படுத்துப் பார்க்கச் சொல்வான்; யாராவது தூங்கிப்போனால் எழுப்ப மாட்டான், மேலே இருக்கிற விளக்கை மட்டும் அணைத்துவிடுவான். எழுந்தவர்கள் வெட்கப்பட்டே மெத்தையை வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனால் அது வயிற்றுப்பாட்டுக்கு. அவன் மனதாரச் செய்த வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கும், அதற்குச் சம்பளம் கிடையாது. எங்கள் யூத ஜெபாலயத்தில் யாராவது கதீஷ் சொல்ல வேண்டியிருந்தால், போன் பண்ணிப் பத்து ஆண்களைச் சேர்ப்பது அவன்தான்.

கதீஷ், இறந்துபோனவர்களுக்காகச் சொல்கிற ஜெபம். தனியாக முணுமுணுக்க முடியாது. ஒரே அறையில் பத்துப் பேர் நிற்க வேண்டும், ஆமென் சொல்ல வேண்டும். ஒன்பது பேர் என்றால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மனிதர்களை எண்ணுவதும் எங்களில் ஆகாது. அதனால் மார்வ் எங்களைப் பார்த்தபடி, "ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல" என்று சொல்லிக்கொண்டே வருவான். "பத்து இல்ல" என்றதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், லாட்டரி விழுந்த மாதிரி இருக்கும்.

என் அப்பா இறந்தபோது பதினோரு மாதம் தினமும் நான் கதீஷ் சொன்னேன். எல்லாம் உறைந்துபோகிற டுலூத்தின் ஜனவரியும் அதில் அடக்கம். ஒரு நாள்கூட ஆள் குறையவில்லை. மார்வ் அதை ஒரு முறையும் சொல்லிக் காட்டியதில்லை.

ஜெபாலயத்தில் கேமரா வைத்ததும் அவன்தான். கொரோனா சமயம். முதியோர் இல்லத்தில் படுத்திருந்த இர்வ், திரையில் எங்களைப் பார்த்து அழுதுவிட்டான். அதில் என்ன குற்றம் சொல்ல முடியும்? ஒரு நாள் முகம் தெரியாத பயல்கள் திரை வழியாக உள்ளே புகுந்து, மிச்சமிருக்கிற யூதர்களையும் அடுப்பில் போடுங்கள் என்று சிரித்துக்கொண்டே கத்தினார்கள். அதிலிருந்து மார்வ் லேப்டாப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகப் பார்த்து உள்ளே விட்டான்.

கொரோனா போயிற்று. எங்களில் பலர் ஜெபாலயத்துக்குத் திரும்பிப் போகவில்லை. பைஜாமாவோடு உட்காரலாம், காபி குடிக்கலாம், மைக்கை அணைத்துவிட்டால் பேப்பரும் படிக்கலாம். பொய் சொல்வானேன், எனக்கு அந்தச் சுகம் நன்றாகப் பிடித்துப்போயிற்று. திரையில் இருக்கிறவர்கள் பத்தில் சேர மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பத்துப் பேர் எப்படியோ வந்துவிடுவார்கள் என்பதும் எல்லோருடைய நினைப்பு.

மார்வின் பெண்டாட்டி ரோடா இறந்து மூன்றாவது வருஷம், டிசம்பரில் அவள் இறந்த நாள் வந்தது, அன்றைக்கும் கதீஷ் சொல்ல வேண்டும். காலையில் திரையைத் திறந்தேன். அறையில் ஒன்பது பேர். ஊருக்கெல்லாம் போன் பண்ணியவனுக்குத் தனக்கென்று கேட்க வாய் வரவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். என் வீடு நாலு தெரு தள்ளி. வேறு யாராவது போவார்கள் என்று இருந்தேன். மனசு கேட்காமல் பூட்ஸைத் தேடி எடுப்பதற்குள் அவன் புத்தகத்தை மூடிவிட்டான்.

வெட்கமாக இருந்தது. ஆனால் சூரியன் மறைகிற வரை அது ரோடாவின் நாள்தான், சாயங்கால ஜெபம் ஒன்று பாக்கி இருந்தது. மார்வின் வேலையை அன்று நான் எடுத்துக்கொண்டேன். நாற்பது பேருக்குப் போன் போட்டேன். ரோடாவுக்காக என்றேன், நேரில் வர வேண்டும் என்றேன். பனி கொட்டுகிறது என்றான் ஒருவன். முழங்கால் என்றான் இன்னொருவன். என்னோடு பள்ளியில் படித்த ஷெல்டன், "லிங்க் அனுப்புடா, முதல் ஆளா நான் வந்து நிக்கறேன்" என்றான். எங்கே நிற்பான், அவன் சமையலறையிலா? கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

மூன்றே முக்காலுக்கு அறையில் ஏழு பேர், என்னையும் சேர்த்து. காலையில் வந்தவர்களில் மூன்று பேருக்கு வேலை. திரையிலோ முப்பத்தொரு கட்டம், கட்டத்துக்கு ஒரு முகம். அவ்வளவு கூட்டத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. மார்வ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். பிறகு ஜன்னலைப் பார்த்தான். ஏரிப் பக்கம் வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது.

திரைக்கு அருகில் போய்க் குனிந்தான்.

"ரோடாவுக்கு மூணு பேர் வேணும்," என்றான். "இன்னும் அரை மணி இருக்கு. பக்கத்துல இருக்கறவங்க வாங்க."

வாழ்க்கையில் முதல் முறையாகத் தனக்காகக் கேட்டான். ஒரு கட்டம் அணைந்தது. பிறகு இரண்டு, பிறகு சேர்ந்தாற்போல ஐந்தாறு. கிளம்பிவிட்டார்கள் என்றான் மார்வ். அவன் குரலில் இருந்த நம்பிக்கையை என்னால் தாங்க முடியவில்லை. கடைசியில் இர்வின் கட்டம் மட்டும் மிஞ்சியது, அவனால் எழுந்திருக்க முடியாது.

மார்வ் கோட்டுகூடப் போடாமல் வாசலில் போய் நின்றான். நானும் போய் நின்றேன். பனியில் ஒரு கார் வந்தது, எண்பது வயது ஹைமி ராஸ்கின் இறங்கினார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கார், ஷெல்டன். தலைகுனிந்தபடி வந்து மார்வின் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனான். அதற்குப் பிறகு வந்த கார்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போய்விட்டன.

சூரியன் மறைந்து தெரு விளக்குகள் எரிந்தன. மார்வ் உள்ளே திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். "ஏழு இல்ல, எட்டு இல்ல, ஒம்பது இல்ல." அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

நான் மன்னிப்புக் கேட்டேன். காலையிலேயே நான் வந்திருந்தால் பத்து என்று சொன்னேன். அவன் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரோடா இல்லாதது எனக்குப் பழகிடுச்சு ஸ்டான்," என்றான். "நீங்கல்லாம் இல்லாததுதான் இன்னும் பழகல."

நீங்கல்லாம் என்றான். நான் அவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.