சைலன்ஸரில் விழுந்த மாலை

குற்றாலத்தில் நானும் என் மனைவியும் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறோம். உட்கார்ந்து ஓட்டும் எங்கள் புல்வெட்டும் வண்டிக்கு ஆயுத பூஜையன்று, இருக்கைக்குப் பின்னாலுள்ள எஞ்சினைச் சுற்றி மாலை கட்டினேன். சில நாள் கழித்துப் புல் வெட்ட ஏறிய மனைவி, “எனக்கில்லாம எஞ்சினுக்கு மட்டும் மாலையாக்கும்? காஞ்சு கெடக்கு, கழத்திப் போடுங்க” என்றாள்.

“பூசை மாலைட்டி, கெடக்கட்டும்” என்றேன்.

விடுதித் தோட்டத்துச் சரிவில் வண்டி இறங்கும்போது மாலை நழுவிச் சூடான சைலன்ஸரில் பட்டுத் தீப்பிடித்தது. பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க். நான் அலறியது இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. வண்டியை நோக்கி ஓடினேன். புகை நெடியில் திரும்பிப் பார்த்தவள் குதித்துவிட்டாள். இருக்கையில் ஆள் இல்லாததால் எஞ்சின் தானாக நின்றது. மண்ணை வாரிப் போட்டு அணைத்தேன். அவள் முந்தானை கருகியிருந்தது.

இப்போது எஞ்சின் ஆறியிருக்கும்போதே சைலன்ஸரைச் சுற்றியுள்ள புல், சருகு எல்லாவற்றையும் எடுத்த பிறகே அவளிடம் சாவியைக் கொடுக்கிறேன். பூஜைக்கு ஸ்டீயரிங்கில் சந்தனப் பொட்டு மட்டும்தான்.