எதிரில் உட்காராத அக்கா

மேஜையை இடுப்பால் முட்டி முட்டி வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார் அக்கா. நிர்வாகம் அவருக்கு மேஜை கொடுப்பது இது மூன்றாவது முறை. முதல் மேஜையில் இப்போது தையல் வகுப்பின் இஸ்திரிப் பெட்டிகள் இருக்கின்றன. இரண்டாவதன்மேல் மத்தியானத்தில் காவலாளி படுத்துத் தூங்குகிறார். மூன்றாவது யார் பாக்கியமோ தெரியவில்லை. "சார், சும்மா வேடிக்கை பாக்காம அந்தக் காலைக் கொஞ்சம் பிடிங்க" என்றார் என்னிடம். பிடித்தேன். மேஜையின் காலைத்தான்.

அறைக்குள் மிஞ்சியவை இரண்டு நாற்காலிகள். இரண்டும் அக்கம்பக்கமாக, ஜன்னலைப் பார்த்துப் போடப்பட்டவை. "எதிர்ல உக்காந்து கேட்டா அது விசாரணை. பக்கத்துல உக்காந்து கேட்டா அது பேச்சு" என்பது அக்காவின் கட்சி. இந்தக் கட்சியில் அவருடைய வீட்டுக்காரருக்கு உடன்பாடில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த மனிதர் ஒருநாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். சண்டை போடும்போதுகூடப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாராம். முறைத்து முறைத்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சமாம்.

எங்களுடையது ஒரு தொழிற்பயிற்சி நிலையம். வெல்டிங், தையல், மோட்டார், மின்சாரம் என்று பல பிரிவுகள். பிள்ளைகள் வாரத்தில் பாதி நாள் இங்கே படிப்பார்கள், பாதி நாள் வெளிப் பட்டறைகளில் வேலை பழகுவார்கள். நான் வரைபடம் சொல்லித் தருகிறவன். அக்கா நலன் அலுவலர். பழகப் போன இடத்தில் பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்களா, யாராவது கை நீட்டுகிறார்களா, கண்ணாடி போடாமல் இரும்பு அறுக்கச் சொல்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. முன்பு இங்கேயே தையல் ஆசிரியையாக இருந்தார். நலன் அலுவலர் என்று ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று மேலிடம் கறாராகச் சொன்னபோது, பூனைக்கு யார் மணி கட்டுவது என்று நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தோம். கலகலப்பான பெண்மணி, யாருக்கும் தொந்தரவு தர மாட்டார் என்று முதல்வர் அக்காவை நியமித்தார். அந்தக் கணிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

அக்காவின் செருப்பு ஊரைக் கூட்டும். வராந்தா முனையில் சட்டக் சட்டக் என்று கேட்கும்போதே வகுப்பில் கைபேசிகள் பைக்குள் போய்விடும். மெத்தென்று ஒரு செருப்பு வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "நான் வர்றது எல்லாருக்கும் தெரியணும் சார். பூனை மாதிரி வந்தா உளவு பாக்கிறேன்னு நினைப்பாங்க. அப்புறம் எவன் பேசுவான்?" என்றார். தோளில் எப்போதும் ஒரு பை. அதில் ஊக்கு, தலைவலி மாத்திரை, பிஸ்கட் பொட்டலம், இரண்டு குடை. வெயில் கொளுத்தும் நாளிலும் இரண்டு குடை. ஒன்று அவருக்கு, இன்னொன்று இனிமேல் சந்திக்கப்போகும் யாருக்கோ.

புதுப் பிள்ளைகள் சேரும் நாளில் நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து ஒழுக்கம், உழைப்பு, உயர்வு என்று அளப்போம். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அக்கா பேசுவது மட்டும் வேறு மாதிரி இருக்கும். "எங்கிட்ட எதை வேணாலும் சொல்லலாம். ஆனா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். உனக்கு ஆபத்துன்னா, சொல்ல வேண்டிய ஆள்கிட்ட சொல்லியே தீருவேன். உங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். ஊர் வாய்க்குப் போகாது." முதல் தடவை கேட்டபோது, இந்த அம்மாள் தன் கடைக்குத் தானே பூட்டுப் போட்டுக்கொள்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் பிள்ளைகள் வந்து நின்றது அந்த அறை வாசலில்தான். எதையும் மறைத்து இனிப்பாகப் பேசாத ஆளிடம்தான் கசப்பைச் சொல்ல முடியும்போலிருக்கிறது.

வெல்டிங் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். பத்தொன்பது வயது, ஒல்லி, குறும்புக்காரி. அவள் இரண்டு தகடுகளைப் பற்றவைத்தால் அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். அதனால் வெல்டிங் ஆசிரியர் அவளுக்கு 'நேர்கோடு' என்று பெயரே வைத்துவிட்டார். அவளையும் நான்கு பையன்களையும் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் ஒரு பெரிய பட்டறைக்கு அனுப்பியிருந்தோம். அங்கே பழகினால் பாதிப் பேருக்கு அங்கேயே வேலை நிச்சயம். எங்கள் நிலையத்தின் பெயரே அந்தப் பட்டறையால்தான் நிற்கிறது என்று முதல்வர் அடிக்கடி சொல்வார்.

சில மாதங்களில் நேர்கோடு கோணலானது. இங்கே வந்து அவள் வைத்த வெல்டிங் அலை அலையாகப் போனது. பட்டறையிலிருந்தும் அவளுக்குக் கவனம் போதவில்லை என்று ஃபோர்மேன் சொல்லி அனுப்பினார். வெல்டிங் ஆசிரியர் தலையிலடித்துக்கொண்டு, "காதல் கீதல்னு ஏதாவது இருக்கும்" என்றார். எங்கள் ஊழியர் அறையில் எந்த நோய்க்கும் இந்த ஒரு மருந்துச் சீட்டுத்தான். அக்கா மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

அங்கே ஃபோர்மேன் அக்காவை விழுந்து விழுந்து உபசரித்தாராம். அக்கா நேர்கோட்டின் அருகே போய் நின்று எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். நல்லா இருக்கேன் என்றாள் அவள். முகத்தை மூடியிருந்த வெல்டிங் ஹெல்மெட்டைத் தூக்காமலே சொன்னாள். கையில் வேலை இல்லை, நெருப்பும் இல்லை, ஆனாலும் தூக்கவில்லை. அக்கா மேலே ஒன்றும் கேட்காமல் பட்டறை வாசலுக்கு வந்து, வேலை முடியும்வரை காத்திருந்து, அவளோடு பஸ் ஏறினார்.

பஸ்ஸிலும் பக்கத்து இருக்கைதான். பாதி வழிவரை பிஸ்கட் மட்டும் பேசியது. பிறகு அந்தப் பெண்ணே ஆரம்பித்தாள். நடந்ததை அவளே பின்னால் எனக்குச் சொல்லி, எழுதவும் சம்மதம் தந்ததால்தான் இங்கே எழுதுகிறேன். வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, கூடுதல் பயிற்சி என்று சொல்லி ஃபோர்மேன் அவளை மட்டும் நிறுத்திவைப்பார். பெயிண்ட் அறைக்கு வரச் சொல்வார். சொல்லித் தருகிற சாக்கில் தோளில் கை வைப்பார். ஒருநாள் கையைத் தட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவள் வேலையில் எல்லாம் குற்றம், மதிப்பெண்ணில் கை வைப்பேன் என்று மிரட்டல். போன வருடம் வந்த பெண்ணும் அதற்கு முன் வந்த பெண்ணும் இப்படித்தான் பாதியில் போனார்கள் என்று பட்டறையில் பேசிக்கொண்டார்களாம்.

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். "அந்த வாக்கு தர மாட்டேன்னு முதல் நாளே சொல்லிட்டேனே கண்ணு. முதல்வர்கிட்ட சொல்லியே ஆகணும். ஆனா உனக்கு என்ன வேணும்னு சொல்லு. அதையும் சேர்த்துச் சொல்றேன்" என்றார் அக்கா.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாளாம். "எனக்கு அந்தப் பட்டறைதான்க்கா வேணும். நான் பஸ் கட்டக் கத்துக்கணும். நான் எதுக்குப் போகணும்?"

மறுநாள் காலையிலேயே அக்கா அவளையும் நான்கு பையன்களையும் பட்டறைக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டார். பையன்களுக்குக் காரணம் சொல்லவில்லை. ஆனால் பையன்கள் மட்டிகள் அல்லர், ஒருவனும் முணுமுணுக்கவில்லை. அக்கா விஷயத்தைச் சொன்னதும் முதல்வர்தான் பதறினார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பெண்ணைச் சத்தமில்லாமல் வேறு பட்டறைக்கு மாற்றிவிடலாம், அவளுக்கும் நல்லது, நமக்கும் நல்லது என்றார். இதற்கு முன் இரண்டு முறையும் அவர் அதைத்தான் செய்திருந்தார். அந்தப் பெண்கள் வேறு இடம் கேட்டார்கள், இவர் காரணம் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் இருவரும் படிப்பையே விட்டுவிட்டார்கள்.

"ரெண்டு தடவை மாத்தினீங்களே சார், பிரச்சனை மாறிச்சா? பொண்ணுங்கதான் மாறிக்கிட்டே இருக்காங்க, அந்த ஆள் உக்காந்த இடத்திலேயே இருக்கான்" என்றார் அக்கா. பழகுநரை எந்தப் பட்டறைக்கு அனுப்புவதானாலும் நலன் அலுவலர் கையெழுத்து வேண்டும் என்பது விதி. அந்தக் கையெழுத்தை இதுவரை யாரும் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. இந்தப் பட்டறைக்கு இனிப் போடமாட்டேன் என்றார் அக்கா. அப்படியானால் உங்கள் பதவியைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும் என்று முதல்வர் இழுத்தார். யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு அக்கா சட்டக் சட்டக்கென்று நடந்துவிட்டார். புலி வாலைப் பிடித்துவிட்டார் என்று ஊழியர் அறையில் எல்லோரும் உச்சுக்கொட்டினோம்.

அந்த வாரம் முழுவதும் அக்கா படிப்பை விட்டுப்போன அந்த இரண்டு பெண்களைத் தேடி அலைந்தார். ஒருத்தி வீட்டில் சும்மா இருந்தாள். இன்னொருத்தி ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வாருங்கள் என்று அவர் கட்டாயப்படுத்தவில்லை. உங்களுக்குப் பிறகும் ஒருத்தி வந்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னாராம். இருவரும் வந்தார்கள்.

பட்டறை முதலாளியை அக்கா தன் அறைக்கே வரவழைத்தார். ஊழியர் தரப்புக்கு ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துப் போட்டார்கள். முதலாளி கஞ்சி போட்ட சட்டையோடு வந்து, மேஜையைத் தேடினார். அக்கா ஒரு நாற்காலியைக் காட்டி, பக்கத்து நாற்காலியில் தான் உட்கார்ந்தார். முதல்வரும் நானும் நின்றோம். எங்கள் முதல்வர் அந்தக் கட்டடத்தில் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதலாளி தன்மையாகத்தான் பேசினார். ஃபோர்மேன் இருபது வருடமாகத் தன்னோடு இருப்பவன், அவன் இல்லாவிட்டால் பட்டறை படுத்துவிடும், பெண்ணுக்கு வேறு நல்ல இடம் தானே பார்த்துத் தருகிறேன் என்றார். "பட்டறையை வேற ஆள் வச்சு ஓட்டிக்கலாம் சார். இந்தப் பொண்ணுங்களுக்கு வீணாப்போன வருஷத்தை யார் திருப்பிக் கொடுக்கிறது?" என்றார் அக்கா. பிறகு அந்த இரண்டு பெண்களும் உள்ளே வந்தார்கள். கூடவே நேர்கோடும் வந்தாள். மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மூன்று கதையிலும் அதே பெயிண்ட் அறை, அதே கூடுதல் பயிற்சி.

முதலாளி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே அவருடைய நாளைய வேலைக்காரர்கள் அரத்தால் இரும்பை ராவிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் சொல்லி முடித்ததும், "என்கிட்ட வந்து ஏம்மா சொல்லலை?" என்று கேட்டார். கண்ணாடிக் கடைப் பெண் பதில் சொன்னாள். "உங்க ரூமுக்கு அவரைத் தாண்டித்தானே சார் வரணும். அவர் மேஜை உங்க வாசல்லதானே இருக்கு."

முதலாளி எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார். தொலைந்தது, இனி இந்தப் பட்டறை நமக்கு இல்லை என்று முதல்வர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்காவும் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. ஊருக்கெல்லாம் பிஸ்கட் கொடுக்கிறவர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போனதை நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் முதலாளி மறுபடி வந்தார். கூப்பிடாமல், தானாக வந்தார். இந்த முறை தானே போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை வெளியே வந்துவிட்டது. ஃபோர்மேனை வேலையை விட்டு நீக்கியாயிற்று. மூன்று பெண்களும் கொடுத்த புகார் போலீசுக்குப் போயிற்று, அதற்குத் தானும் சாட்சி சொல்வதாகச் சொன்னார். தன் அறை வாசலில் இருந்த மேஜையை எடுத்துவிட்டாராம். வேலை நேரம் முடிந்தபின் எந்தப் பழகுநரையும் தனியாக நிறுத்தக் கூடாது என்று உத்தரவாம். இரண்டு பெண்களும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றார். ஒருத்தி அடுத்த மாதமே சேர்வதாகச் சொன்னாள். கண்ணாடிக் கடைக்காரி, இப்போது கடையே தன் கையில்தான் இருக்கிறது, வெல்டிங்கை வேறு ஆள் பார்க்கட்டும் என்று சிரித்துவிட்டாள்.

சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு ஊழியர் அறையில் ஓர் ஆட்டம் போட வேண்டும்போல இருந்தது. முதல்வர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். தான் ஆரம்பத்திலிருந்தே அக்கா பக்கம்தான் என்று ஒரு கதையும் தயாராக வைத்திருந்தார். அக்கா அதை மறுக்காமல் கேட்டு, டீயைக் குடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

பிள்ளைகள் பட்டறைக்குத் திரும்பிய காலையில் அக்கா அதே பஸ்ஸில் கூடப் போனார். வேடிக்கை பார்க்கும் ஆசையில் நானும் தொற்றிக்கொண்டேன். வழி முழுக்க நேர்கோட்டின் விரல்கள் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தன. பட்டறை வாசலில் பஸ் நின்றது. ஐந்து பேரும் இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை. கூடப் போகவில்லையா என்று கேட்டேன். "அவ இடத்துக்கு அவ போறா. நான் எதுக்கு சார்?" என்றார்.

எப்போதும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் ஓடும் பையன்கள் நான்கு பேரும் அன்று கேட்டருகே போய் ஒதுங்கி நின்றார்கள். அவள் ஒருமுறை அவர்களைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு, பெரிய கதவு வழியாக, முதல் ஆளாக உள்ளே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள், அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பஸ்ஸின் தகரத்தில் பலமாக இரண்டு தட்டுத் தட்டி, "போலாம், ரைட்" என்றார்.