காணிக்கைத் தட்டில் விழுந்த காசோலை

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் முப்பது வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள் ஆர்டிஸ் நைகார்ட். வயது எழுபத்திரண்டு. ஓய்வுக்காலக் கணக்கில் அவள் வாங்கி வைத்த பங்குகள், அந்தக் கம்பெனி பொய்க்கணக்குக் காட்டியதால் படுத்துவிட்டன. பங்குக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். எப்போதோ கைகழுவிய காசு, சமரசத் தொகையாக அவள் பேருக்கே காசோலையாக வந்து நின்றது.

"கர்த்தர் தந்தது, கர்த்தருக்கே!" என்று ஞாயிறு ஆராதனையில் அதைக் காணிக்கைத் தட்டில் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சிநேகிதி லவோனின் காதில் விஷயத்தைப் பூரிப்போடு சொன்னாள். ஊருக்கே வரிக்கணக்கு எழுதுகிற லவோன் பாட்டைப் பாதியிலேயே விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"அடிப்பாவி! அது ஓய்வுக் கணக்குக் காசுடி. அறுபது நாளுக்குள்ள அங்கயே திரும்பப் போடணும். இல்லேன்னா நீ எடுத்துச் செலவழிச்சதா வச்சு வரி போட்டுடுவாங்க."

"கோயிலுக்குக் குடுத்தாலுமா?"

"யாருக்குக் குடுத்தாலும்தான். குளிருக்கு வீட்டை எதை வச்சுச் சூடாக்குவே? ஓடு!"

தட்டு பீடத்துக்குப் போய்விட்டது. ஆர்டிஸ் எழுந்து நடந்தாள். ஒருத்தர் முன்னே போனால் வரிசையாய்ப் பின்னே போவதுதான் அந்தச் சபையின் வழக்கம். அப்பமும் திராட்சரசமும் வாங்கும் இராப்போஜனம் என்று நினைத்து முன்வரிசை எழுந்தது, அதன்பின் அடுத்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது பாதிச் சபை பின்னால் பவ்யமாக நின்றது.

"இன்னைக்கு இராப்போஜனம் இல்லையே ஆர்டிஸ்?" என்றார் போதகர்.

"போதகரே... போட்டதை எடுத்துக்கலாமா?"

வரிசைக்குள்ளிருந்து லவோன் கத்தினாள்: "குடுத்துடுங்க போதகரே! முதல்ல கணக்குக்குப் போகட்டும். எழுபது தாண்டினவங்க அங்கிருந்து நேரா கோயில் பேருக்கே அனுப்பச் சொன்னா வரியே இல்ல, இவளுக்கு எழுபத்திரண்டு!"

"அப்ப முழுசா எங்களுக்குத்தானா?"

"முழுசா!"

போதகர் தட்டிலிருந்த காணிக்கை உறைகளைக் கிளறிக் காசோலையை எடுத்துக் கொடுத்தார். பின்னால் ஒரு கிழவர், "எனக்கும் கொஞ்சம் திருப்பித் தருவீங்களா?" என்றார். சபை குலுங்கியது. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் போதகர் ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து ஆசீர்வதித்தார்.

ஆர்டிஸ் காசோலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கமாட்டாமல் அந்த வரிசையில் கடைசி ஆளாய்ப் போய் நின்றாள்.