பேச்சியம்மாளின் ஸ்கேன் அறைக்கு ஒரு கேபிள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சங்கரன்கோவிலுக்குப் போய்வந்தேன். ஊர் சுற்ற அல்ல. வீடியோ கான்ஃபரன்ஸ் அறைகளுக்குக் கேபிள் போட்டுக் கொடுப்பது என் தொழில். அங்கே ஒரு சிறிய மருத்துவமனையில், ஸ்கேன் எடுக்கும்போதே படத்தைச் சென்னையிலிருக்கும் இதய மருத்துவர் பார்க்கும்படி ஓர் அறை அமைக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. ஆனால் முந்தைய மாலை அந்த மருத்துவமனை டாக்டரம்மா போன் செய்து, நாளை நான்கு மணிக்கே வேண்டும் என்றார்.

மதுரையிலிருந்து காலையில் செங்கோட்டை போகும் ரயிலைப் பிடித்தேன். ராஜபாளையம் தாண்டியதும் சங்கரன்கோவில். சுமார் இரண்டரை மணி நேரம். கேபிள் சுருள்களோடு போகிறவர்களுக்கு பஸ்ஸைவிட ரயில்தான் நல்லது, நசுங்காது. வழியெல்லாம் மலை தெரிந்தது. நான் பையைத் திறந்து திறந்து பார்த்தபடியே இருந்தேன்.

அவசரத்துக்குக் காரணம் பேச்சியம்மாள். பனவடலிசத்திரம் பக்கத்துக்காரர், நிறைமாத கர்ப்பிணி. இரத்தப்போக்கு நின்று ஒரு நாள்தான் ஆகிறது. குழந்தையின் இதயத்துடிப்பில் ஏதோ கோளாறு என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். இதயம் சரியாக இருந்தால் இங்கேயே பிரசவம் பார்க்கலாம். இல்லையென்றால் இந்த நிலையிலும் மதுரைக்குக் கொண்டுபோயாக வேண்டும். பேச்சியம்மாளின் கணவர் மாரியப்பன், ஆடு வளர்ப்பவர், நடைபாதையில் நின்றுகொண்டே இருந்தார்.

மருத்துவமனை எலெக்ட்ரீஷியன் செல்வினும் நானும் ஸ்கேன் அறையிலிருந்து, படத்தைச் சென்னைக்கு அனுப்பும் கான்ஃபரன்ஸ் பெட்டி இருந்த எதிர் அறைக்குச் சுவருக்குள் இருந்த பைப் வழியாகக் கேபிளை இழுத்தோம்.

"அக்கா, வளைவுல மாட்டிக்கிட்டு நிக்கி," என்றார் செல்வின். "கொஞ்சம் அழுத்தி இழுக்கட்டா?"

"வேண்டாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கேபிள் விடுபட்டு வந்துவிட்டது. இணைத்துப் பார்த்தோம். திரை கறுப்பு. அந்த வகைக் கேபிளுக்குள் இருப்பது கண்ணாடி இழை, மடங்கினால் ஒடிந்துவிடும். மணி மூன்றாகிவிட்டது. கையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேபிள்.

மாரியப்பன் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, படம் வந்துருமா?"

வரும் என்றேன்.

மறுபடி பைப்புக்குள் விட எனக்குத் தைரியம் இல்லை. இரண்டாவது கேபிளைக் கதவுக்கு மேலிருந்த காற்றுத் துவாரம் வழியாக வெளியே எடுத்து, நடைபாதையின் குறுக்கே உயரமாகக் கட்டிக்கொண்டு போனோம். ஸ்கேன் இயந்திரத்துக்குப் போகிற முனை எது, திரைப் பக்கத்து முனை எது என்று மூன்று தடவை பார்த்துக்கொண்டேன். மாற்றிப் போட்டால் படம் வராது. கடைசியில் இரண்டடி போதவில்லை. பேச்சியம்மாளின் கட்டிலை நகர்த்த முடியாது. எதிர் அறையில் கான்ஃபரன்ஸ் பெட்டியைக் கழற்றி, வாசலருகே ஒரு நாற்காலியில் வைத்தோம். சொருகினேன். சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது.

டாக்டரம்மா ஸ்கேன் எடுக்க, சென்னை மருத்துவர் திரையில் பார்த்தார். ஒரு வால்வைத் திரும்பக் காட்டச் சொன்னார். நான் இணைப்பை விரலால் தாங்கிக்கொண்டு நின்றேன்.

"அமைப்பு நல்லா இருக்கு. துடிப்பு நடுவுல நடுவுல தவறுது, அது தானா சரியாயிடும். நகர்த்த வேண்டாம். அங்கேயே பிரசவம் பாருங்க," என்றார் சென்னை மருத்துவர்.

மாரியப்பன் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் பெட்டியை அணைக்கப் போனதும், "கழத்திராதீங்கக்கா. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிடுதேன்" என்றார்.

இப்படிப்பட்ட வேலைக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பைப்பின் வளைவுகளை முதலில் நேரில் பாருங்கள். அளந்ததைவிட நீளமான கேபிளைக் கொண்டுபோங்கள். இழுப்பதற்கு முன்பே இரு முனைகளையும் இணைத்து, படம் வருகிறதா என்று பாருங்கள். மாலையில் மதுரைக்கு பஸ் கிடைக்கிறது. நான் அதில்தான் திரும்பினேன்.

அடுத்த வாரம் செல்வின் போன் செய்தார். "அக்கா, பொம்பளப் புள்ள பொறந்துட்டு. என்னா அழுகைங்கீங்க, ரோடு வரைக்கும் கேக்கு!"